நட்டத்தில் பங்கில்லாதவர் கூட்டாளியா?

மூன்று பேர் கூட்டாக ஒரு மனை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 40 லட்சம் போடுகிறார், இன்னொருவர் 20 லட்சம். மூன்றாமவரிடம் பணமில்லை, வில்லங்கச் சான்று எடுப்பது, பட்டா மாற்றுவது, புரோக்கரோடு பேரம் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. லாபத்தைப் பிரிப்பது பற்றிப் பேச யாருக்கும் கூச்சமில்லை. 60 லட்சத்துக்கு வாங்கிய மனை 48 லட்சத்துக்குத்தான் விலைபோனால் அந்த 12 லட்சம் யார் தலையில் விழும் என்பதைத்தான் பேசாமல் விட்டுவிடுகிறோம். அல்லது, ‘உங்க முதலுக்கு நான் கேரண்டி’ என்று உழைப்பவர் சொல்லும் வாய்வார்த்தையோடு முடித்துக்கொள்கிறோம். இது வெறும் கணக்கு விவகாரம் இல்லை, நீதியின் விவகாரம். இதற்கு இஸ்லாமியச் சட்ட மரபு சொல்லும் விடையே நியாயமானது என்று நினைக்கிறேன்.

அந்த மரபில் லாபத்தைப் பேசி முடிவுசெய்யலாம். நட்டத்தைப் பேச முடியாது, அது முதலின் விகிதப்படியே போகும். பலரும் முதல் போட்ட கூட்டில் லாபமும் முதலின் விகிதப்படியே பிரிய வேண்டும் என்கிறது அதன் ஒரு பிரிவான ஷாஃபி மரபு. இன்னொரு பிரிவான ஹனஃபிகள் அதைப் பேசிக்கொள்ள விடுகிறார்கள். (தமிழக முஸ்லிம்களிடையே இரண்டு மரபினரும் உண்டு.) ஆனால் நட்டத்தில் இருவருக்கும் ஒரே பேச்சுதான். மேலே சொன்ன கூட்டில் முதலாமவருக்கு 8 லட்சம் போகும், இரண்டாமவருக்கு 4 லட்சம். மூன்றாமவர் அலைந்த அலைச்சலுக்குக் கூலி கிடைக்காது. அதுதான் அவருடைய நட்டம். அதற்குமேல் அந்த 12 லட்சத்தையும் அவரிடமே கேட்டால் அவர் இரண்டு முறை இழக்கிறார், மற்றவர்கள் ஒரு முறைகூட இழப்பதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் வேறு வழியாக இங்கேயே வந்து சேர்ந்தார். வணிகரிடம் கூட்டாகப் பணம் கொடுத்தவருக்கு அந்தப் பணத்தின் உடைமை போய்விடவில்லை, அபாயம் அவருடையதாகவே இருக்கிறது, அதனால்தான் லாபத்தில் பங்கு கேட்கலாம் என்பது அவர் வாதம். அபாயத்தை அடுத்தவர் மேல் தள்ளிவிட்டால் பங்கு கேட்கும் உரிமையும் கூடவே போய்விடும்.

அப்படியானால் உழைப்பவர் அடுத்தவர் காசுதானே என்று அசட்டையாக இருந்துவிட மாட்டாரா? அலட்சியத்தாலோ ஒப்பந்தத்தை மீறியதாலோ வந்த நட்டத்துக்கு அவரே பொறுப்பு என்று அந்தச் சட்டமே சொல்லிவிடுகிறது. இதைவிட வலுவான மறுப்பு ஐரோப்பாவில் எழுந்தது. கூட்டு வணிகம் செய்யலாம், முதலுக்குக் காப்பீடு வாங்கலாம், நிச்சயமில்லாத பெரிய லாபத்தை நிச்சயமான சிறிய தொகைக்கு விற்றுவிடலாம். தனித்தனியே செய்ய அனுமதியுள்ள இந்த மூன்றையும் ஒரே ஆளோடு செய்தால் மட்டும் ஏன் கூடாது? இந்த ‘மூன்று ஒப்பந்த’ ஏற்பாட்டின்படி ஐந்து சதவீதம் வாங்கலாம் என்று 1515-இல் இறையியலாளர் யோஹான் எக் பொலோன்யாவில் வாதாடினார். கெட்டிக்கார வாதம்தான். ஆனால் உண்மையான காப்பீட்டாளர் பலருடைய அபாயத்தைத் திரட்டிப் பரப்புகிறார். இங்கே ஒரே மனையை நம்பி நிற்கும் ஒருவரே கூட்டாளி, காப்பீட்டாளர், லாபத்தை விலைக்கு வாங்குபவர் என மூன்று வேடம் போட வேண்டியிருக்கிறது. மூன்றையும் கூட்டினால் மிஞ்சுவது வட்டிக் கடன். முதலுக்கு உத்தரவாதம் தரும் கூட்டுகளை 1586-இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் கண்டித்தது சும்மா இல்லை.

இஸ்லாமிய வங்கிகளே இந்த விதியை மதிப்பதில்லையே என்ற கேள்வி எஞ்சுகிறது. ‘குறையும் பங்குக் கூட்டு’ என்ற முறையில் வங்கியும் வாடிக்கையாளரும் சேர்ந்து வீடு வாங்குகிறார்கள். வாடிக்கையாளர் வங்கியின் பங்கைக் கொஞ்சங்கொஞ்சமாக வாங்கிக்கொண்டே மிச்சப் பங்குக்கு வாடகை கட்டுகிறார். அந்த வாடகையைச் சந்தை வட்டியைப் பார்த்தே பல வங்கிகள் வைக்கின்றன. சுகூக் எனப்படும் இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரங்களிலோ முகமதிப்புக்கே திரும்ப வாங்கிக்கொள்ளும் உறுதிமொழி புகுந்தது. கூட்டு முறைப் பத்திரங்களில் அது கூடாது என்று 2008-இல் இஸ்லாமிய நிதித் தரங்களை வகுக்கும் அயோஃபி (AAOIFI) அமைப்பு அறிவித்தது. விதியை மீறியவர்களை அந்த விதியை வைத்தே பிடிக்க முடிந்தது என்பதே அதற்கு இன்னும் உயிர் இருப்பதைக் காட்டுகிறது. ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாத, மாதாமாதம் கொஞ்சம் வருமானம் மட்டும் வேண்டியவருக்கும் இந்த மரபில் இடமிருக்கிறது: கட்டிய வீட்டில் ஒரு பங்கை வாங்கி வாடகையில் பங்கு பெறலாம். ஆனால் அவரும் அந்த அளவுக்கு உடைமையாளர்தான். தளம் ஒழுகினால் செலவில் அவர் பங்கு உண்டு. வீடு காலியாகக் கிடக்கும் மாதத்தில் அவருக்கு வாடகை கிடையாது.