தானியேலும் மூன்று வருஷம் படித்தான்

இந்த மாதம் செய்திக்கு முன்னால் ஒரு அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. அதுவும் மேய்ப்பனாகிய என்னுடைய அறிக்கை.

சில வருஷங்களுக்கு முன் நம் சபைத் தம்பி ஒருவன் ஐஐடியில் சேர ஜேஇஇ பரீட்சை எழுதப் போனான். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஞாயிறு ஆராதனையில் அவனை முன்னால் அழைத்து, தலையில் கை வைத்து, "மகனே, சீட் உனக்குத்தான்! தெரியாத கேள்விக்கும் ஆவியானவர் பதில் காட்டுவார்!" என்று சொல்லிவிட்டேன். சபையே அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. அது கர்த்தர் தந்த வார்த்தையா, என் வாயில் வந்த வார்த்தையா என்று நான் நிதானித்துப் பார்க்கவில்லை.

ரிசல்ட் வந்தது. முதல் கட்டமாகிய மெயின் பரீட்சையிலேயே நின்றுவிட்டான். இரண்டு மாதம் சபைப் பக்கமே வரவில்லை. வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் மெதுவாகச் சொன்னான்: "ஐயா, தெரியாத கேள்வியையும் நான் விடல. விசுவாசத்தோட குறிச்சேன்." அந்தப் பரீட்சையில் சரியான பதிலுக்கு 4 மார்க், தப்பாகக் குறித்தால் 1 மார்க் கழித்துவிடுவார்கள். தெரிந்து வாங்கின மார்க்கும் அதிலே போயிற்று. "கர்த்தருக்கு என்னைப் பிடிக்கலையா ஐயா?" என்று கேட்டான். என் இருதயம் குத்தப்பட்டது. அந்தக் கேள்வியை அவனுக்குள் விதைத்தது நான்தான்! அங்கேயே, அவன் அப்பா அம்மா முன்னால் அவனிடம் மன்னிப்பு கேட்டேன்.

தேவ ஜனமே, தானியேல் முதலாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ராஜசமுகத்தில் நிற்பதற்கு அந்த வாலிபர்களுக்கு 3 வருஷப் படிப்பு வைத்தார்கள். தானியேல் ஜெபவீரன்தான். ஆனாலும் "ஜெபம் பண்ணுகிறேன், கல்தேயர் பாஷையெல்லாம் எனக்கு எதற்கு?" என்று சொன்னானா? உட்கார்ந்து படித்தான். முடிவில் ராஜா கேள்வி கேட்டபோது மற்றவர்களைவிடப் பத்து மடங்கு தேறியிருந்தான். அறிவைக் கொடுத்தது கர்த்தர்தான், சந்தேகமில்லை. படிக்க உட்கார்ந்தவனுக்குக் கொடுத்தார்!

கோபுரம் கட்டுகிறவன் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்தார். நாமும் பார்ப்போம். 2025ல் மெயின் பரீட்சை எழுதினவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அதில் முதல் 2,50,000 பேருக்குத்தான் இரண்டாம் கட்டமான அட்வான்ஸ்டு எழுத அனுமதி. 23 ஐஐடிகளிலும் சேர்த்து இருந்த இடம் 18,160. அப்படியானால் நன்றாய்ப் படித்து, நன்றாய் ஜெபித்தும் சீட் கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர்! அது சாபமல்ல, பாவத்தின் பலனுமல்ல. இடம் அவ்வளவுதான்.

பெற்றோரே, சில காரியங்களைக் கவனியுங்கள். மெயின் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம்; அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. ஆகவே தமிழ் மீடியம் பிள்ளை பதினோராம் வகுப்பிலேயே ஆங்கிலக் கேள்வித்தாளைப் பழக வேண்டும். அட்வான்ஸ்டு ஒரே நாளில் இரண்டு தாள், தாளுக்கு 3 மணி நேரம். பழைய கேள்வித்தாளை கடிகாரம் வைத்து எழுதிப் பழகட்டும். ஓபிசி சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில் வேண்டும். கடைசி நாளில் தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி பிள்ளையை முழு இரவு ஜெபத்துக்குக் கூட்டி வராதீர்கள். நாம விழித்திருந்து ஜெபிப்போம், அவன் தூங்கட்டும்!

முக்கியமாக, "சீட் வாங்காம வந்தா என் முகத்துல முழிக்காதே" என்று எந்தத் தகப்பனும் சொல்ல வேண்டாம். ராஜஸ்தானில் கோட்டா என்கிற கோச்சிங் பட்டணத்தில் 2023ம் வருஷத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ரேங்க் போனால் வேறே வழி உண்டு. பிள்ளை போனால்?

அந்தத் தம்பி மறுவருஷமும் எழுதினான். தெரியாத கேள்வியைத் தைரியமாக விட்டான். மெயினில் தேறி அட்வான்ஸ்டு வரைக்கும் போனான், ஐஐடி கிடைக்கவில்லை. பிளஸ் டூ மார்க்கை வைத்து அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் மெக்கானிக்கல் கிடைத்தது. சாட்சி நேரத்தில் எழுந்து, "சீட் கிடைக்கல, ஆனா கர்த்தருக்கு என்னைப் பிடிக்கும்னு தெரியும்" என்றான். சபை அழுதது. இப்போது சனிக்கிழமை சாயங்காலம் சபைப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறான்.

பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகள் இந்த ஞாயிறும் முன்னால் வாருங்கள். கை வைத்து ஜெபிப்பேன். உனக்கு இன்ன ரேங்க் வரும் என்று மட்டும் சொல்லமாட்டேன். படித்தது நினைவுக்கு வரவும், பயம் நீங்கவும், ரிசல்ட் எதுவானாலும் நீ நேராய் இந்த வீட்டுக்கு வரவும் கேட்பேன். ஆமென்.