அச்சத்திற்கு ஒரு துணை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு மாலை நானும் இருந்தேன். கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலையில் ஏறத் தொடங்கியபோது வெறும் தூறல்தான். பாதி தூரம் ஏறுவதற்குள் அது பெருமழையாகிவிட்டது. ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். பாதையின் குறுக்கே மண்ணும் கல்லும் சரிந்து கிடந்தன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மேலே இன்னும் கல் உருளும் ஓசை கேட்டது. அந்த இருட்டில் வண்டியைப் பின்னால் எடுக்கவும் வழியில்லை.

அச்சம் மனிதனை எவ்வளவு சிறியவனாக்கிவிடுகிறது என்பதை அன்று கண்டேன். வேறு யாரிடமும் அல்ல, என்னிடமே கண்டேன். வண்டி நிறைய மனிதர்கள். நானோ கதவுக்கும் என் இருக்கைக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டிருந்தேன்!

எனக்கு முன் இருக்கையில் மலை மேல் நர்ஸாக வேலை பார்க்கும் ஓர் அம்மாள். கண்களை மூடி, உதடு அசையச் சிறிது நேரம் ஜபம் செய்தார். பிறகு எழுந்து, அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் கைக்குழந்தையை வாங்கித் தம் மடியில் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்குப் பயமாக இல்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"பயம்தான் சார். கை நடுங்குகிறது, பாருங்களேன். ஆனால் தனியாகப் பயப்படவில்லை. ஆண்டவர் கூட இருக்கிறார்" என்றார்.

நெடுநேரம் கழித்துக் கல்லை அகற்றினார்கள். ஊர் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பதில் மட்டும் என்னை விடவில்லை.

கடவுள் நம்பிக்கை தரும் அமைதியை நாம் ஒரு பேரமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். கும்பிட்டால் ஆபத்து விலகும். விலகும் என்ற தைரியத்தில் மனம் அமைதியடையும். அப்படியானால், ஆபத்து விலகாதபோது அமைதியும் போய்விட வேண்டும் அல்லவா?

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளையின் கதை அப்படிச் சொல்லவில்லை. திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்தவர் அவர். அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் உடைந்திருந்தபோது, டி லனாய் அவருக்கு விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னார். சொன்னவரும் 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படையோடு சிறைப்பட்டவர்தாம். யோபு, "எனக்கு ஏன் இந்தத் துன்பம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். கடைசியில் கடவுள் பேசுகிறார்; அந்தக் கேள்விக்கு மட்டும் விடை சொல்லவில்லை. ஆனாலும் யோபுவின் மனம் அடங்குகிறது. இழந்தவை திரும்பி வருவதற்கு முன்பே அடங்குகிறது. விளக்கம் கிடைக்காவிட்டாலும் துணை கிடைத்துவிட்டது.

நீலகண்டர் 1745இல் தேவசகாயம் ஆனார். கடவுளின் உதவி என்று அந்தப் பெயருக்குப் பொருள். பிறகு சிறை, சித்திரவதை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் ரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தது. உயிர் தப்புவது ஒன்றுதான் உதவி என்றால், அந்தப் பெயர் பெரிய கேலியாகிவிடும்.

கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவும் அஞ்சினார். அந்த இரவில் தம்மோடு விழித்திருக்கும்படி நண்பர்களை வேண்டினார், அவர்கள் தூங்கிவிட்டார்கள். தனிமையில் அஞ்சுவது எப்படி என்று அறிந்த ஒருவரையே அந்த அம்மாள் துணையாகக் கொண்டிருக்கிறார்.

இது மனத்தைத் தேற்றிக்கொள்ளும் கற்பனைதானே என்று கேட்கலாம். நான் கிறிஸ்தவன் அல்லன். நானும் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். ஆனால் தன்னை ஏமாற்றிக்கொள்பவன் கண்ணை மூடிக்கொண்டே இருப்பான். அவரோ ஜபம் முடிந்ததும் கண்ணைத் திறந்து, பக்கத்தில் அழுகிறவள் யார் என்று பார்த்தார்.

அன்று என் கைகள் நடுங்கவில்லை. முன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்திருந்தன. நடுங்கிய கைகள்தாம் குழந்தையைத் தாங்கிக்கொண்டிருந்தன.