நடுவில் விட்ட உடம்பு

“ஜிம்முக்குப் போய் நடுவில் விட்டால் உடம்பு ஊதிவிடும்” என்று சொல்பவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர். சொல்பவர் பெரும்பாலும் ஜிம் வாசலை மிதித்திருக்க மாட்டார். ஆனால் அவருடைய மச்சினனுக்கோ மாடிவீட்டுப் பையனுக்கோ கட்டாயம் அப்படி ஆகியிருக்கும். தொடங்க நினைப்பவரைத் தொடங்க விடாமலும், நிறுத்தியவரைத் திரும்பி வர விடாமலும் பார்த்துக்கொள்ள இந்த ஒரு பேச்சு போதும்.

தசை கொழுப்பாக மாறாது. இரண்டும் வேறு வேறு திசு. பயிற்சி நின்றதும் தசை மெல்லச் சுருங்குகிறது. பயிற்சிக் காலத்தில் பழகிய சாப்பாடு மட்டும் சுருங்குவதில்லை. ஊதுவதன் ரகசியம் அவ்வளவுதான்.

நான் கல்லூரியில் குண்டு எறிந்தவள். பெண்களுக்கான குண்டு நான்கு கிலோ. அதைத் தூரமாக எறிய வேண்டுமானால் ராட் தூக்கியே தீர வேண்டும் என்று எங்கள் பி.டி. மேடம் அந்தக் காலத்திலேயே நம்பினார். ஆண்கள் கல்லூரி ஜிம்மில் அனுமதி வாங்கி, பையன்கள் வருவதற்கு முன்னால் விடியற்காலையில் எங்களை அங்கே கூட்டிப்போவார். பிறகு வங்கி வேலை, கல்யாணம், பிள்ளைகள், ஊர் மாற்றல், மாமியாரின் கடைசிக் காலம். இவற்றில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு ஜிம்மில் மறுபடி ராடைப் பிடித்தபோது ஒரு கேள்விதான் இருந்தது. நான் இங்கே பழைய ஆளா, புது ஆளா? விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, ‘அனா ஆவன்னா’விலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு உடம்பு சொல்லும் பதில் விசித்திரமானது. அதைப் புரிந்துகொள்ளத் தசை நாரைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

உடம்பின் பெரும்பாலான செல்களுக்கு ஒரு கருதான். தசை நார் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் கருக்கள் உண்டு. பயிற்சியால் நார் பருக்கும்போது, அதை ஒட்டியே காத்திருக்கும் துணைச் செல்கள் வந்து இணைந்து தங்கள் கருக்களைக் கொடுக்கின்றன. நார் சுருங்கும்போது இந்தக் கருக்களும் அழிந்துவிடும் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2010இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் குண்டர்சன் குழு சுண்டெலிகளின் தசையைப் பருக்க வைத்து, பிறகு நரம்பைத் துண்டித்து அதைச் சுருங்க விட்டது. மூன்று மாதம் கழித்தும், கூடுதலாக வந்த கருக்கள் அப்படியே இருந்தன. வயல் தரிசாகக் கிடந்தாலும் வாய்க்கால் தூர்ந்துபோகவில்லை.

மனிதர்களிடமும் இதேதான் நடக்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது. மரபணுக்களின் மேல் பயிற்சி விட்டுப்போகும் வேதிக் குறிகள்தான் தசையின் நினைவைச் சுமக்கின்றன என்பது ஒரு கட்சி. ஏழு வாரம் பயிற்சி, ஏழு வாரம் ஓய்வு, மறுபடி ஏழு வாரம் பயிற்சி என்று ஆண்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2018இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்தக் குறிகளில் சில, ஓய்வுக் காலத்திலும் அழியாமல் நின்றிருந்தன. வழி எதுவானாலும் விளைவில் சந்தேகமில்லை. பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு 20 வாரம் விடாமல் பயிற்சி செய்தது. இன்னொரு குழு பத்து வாரம் செய்து, பத்து வாரம் அடியோடு நிறுத்தி, மறுபடி பத்து வாரம் செய்தது. கடைசியில் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றன. நடுவில் நிறுத்தியவர்களுக்குத் தசையின் பருமன் குறைந்த அளவுக்குப் பலம் குறையவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. கண்ணாடி காட்டும் நஷ்டம், கை உணரும் நஷ்டத்தைவிடப் பெரியது.

பத்து வாரம் எங்கே, என்னைப் போன்றவர்களின் காலம் எங்கே என்று கேட்கலாம். நியாயம்தான். நடுவில் மாதவிடாய் நின்றிருக்கிறது, அதோடு தசையும் எலும்பும் வேறு கணக்குக்குப் போய்விட்டன. வயதாகும்போது முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் வகை நார்கள். குண்டு எறிபவளின் மூலதனமே அதுதான். ஆகவே விட்ட இடம் என்று ஒன்று இல்லை. ஆனாலும் முதல் நாள் ராடைத் தோளில் வைத்ததும் பாதங்கள் தாமாக அகன்றன, மூச்சு தானாக அடிவயிற்றில் இறுகியது. எனக்குச் சொல்லித்தர வந்த தம்பி, “அக்கா, முன்னாடி பண்ணியிருக்கீங்களா?” என்றார். என் மகளைவிட இரண்டு வயது சின்னவராக இருப்பார். அதே ஜிம்மில் என் வயதுக்காரர் ஒருவர் அதே வாரம் புதிதாகச் சேர்ந்தார். அந்த அகலத்தையும் மூச்சையும் அவர் பழகி முடிக்க ஒரு பருவமே ஆயிற்று.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. திரும்பி வருபவரின் உடம்பு முழுதும் ஒன்றாகத் திரும்பி வருவதில்லை. முதலில் வருவது நரம்பு. ஆரம்ப வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு, இருக்கும் தசையை மூளை நன்றாக அழைக்கக் கற்பதால் வருவது. அடுத்து தசை. கடைசியாக, வெகு தாமதமாகத் தசைநாண்களும் மூட்டைச் சுற்றிய கட்டுகளும். ரத்த ஓட்டம் குறைவான இடம் அது, அவசரப்படுத்த முடியாது. புதிதாக வருபவரிடம் எல்லாமே மெதுவாக வளர்வதால் ஒன்றுக்கொன்று காத்திருக்கும். திரும்பி வருபவரிடம் தசை முந்திக்கொள்கிறது. “ஃபார்ம் சூப்பரா இருக்கு, இன்னும் ஒரு பிளேட் ஏத்தலாம்க்கா” என்று தம்பி சொல்லும்போது அவர் பார்ப்பது என் தசையை. முழங்கால் சிப்பிக்குக் கீழே இருக்கும் நாண் என்ன சொல்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? “இந்த மாசம் இதேதான் தம்பி” என்று சொல்லிவிடுவேன். ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு மூன்று முறை தூக்க முடியும் என்கிற இடத்திலேயே வைத்துவிடுவது என் வழக்கம். அவருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும். தெரியட்டும்.

பழைய விளையாட்டுக்காரர்களுக்கு நிஜமான ஆபத்தும் ஒன்று உண்டு. பழைய ஞாபகத்தில் முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கி போட்டால் தசை நார்கள் சிதைந்து, அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டில் உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த அளவுக்குப் போகாத சாதாரண வலி வேறு. இரண்டாம் நாள் இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழ முடியாமல் குழாயைப் பிடித்துத் தொங்குவது அதில் சேர்த்தி. அடுத்த முறை அதே பயிற்சிக்கு அந்த வலி பாதிகூட இருக்காது. இதைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் ஜனவரியில் சேர்பவர்களில் பலர் பொங்கலுக்குள் காணாமல் போகிறார்கள் என்பது என் ஊகம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு பேச்சு. “வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே, நீ எங்கே நிறுத்தினே?” என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். கேலியாகவும் அல்ல, பாராட்டாகவும் அல்ல. ஒரு வீட்டு சிலிண்டரில் காஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். அதைச் சாய்த்து உருட்டி அடுப்படிக்குக் கொண்டுபோகாத பெண் யார்? குடம், அரிசி மூட்டை, தூங்கிப்போன பிள்ளை, நடக்க முடியாத மாமியார், எல்லாம் தூக்கியிருக்கிறேன். அப்படியானால் பலம் ஏன் குறைந்தது?

உடம்பு ஒரே எடைக்கு ஒருமுறைதான் பதில் சொல்லும். சிலிண்டருக்குப் போதுமான பலம் வந்ததும் அதோடு நிறுத்திக்கொள்ளும். மேலும் வளர எடை ஏற வேண்டும், நடுவில் ஓய்வு வேண்டும், வயிறாரப் புரதம் வேண்டும். வீட்டில் எடை ஏறுவதில்லை, ஓய்வு கிடைப்பதில்லை, முட்டை பிள்ளைகளுக்குப் போய்விடுகிறது. களைப்பு முழுசாக மிஞ்சும், பலம் மிஞ்சாது. எங்கள் அப்பா வழியில் தெற்கத்திச் சீமைதான். அங்கே இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுபவனைச் சுற்றி ஊரே நின்று கைதட்டும். அதே ஊரில் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்தவளைப் பார்க்க யாரும் நின்றதாகக் கேள்விப்படவில்லை. என் நடுவருடங்களை வீண் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் அவை பயிற்சியும் அல்ல. செலவு செய்த காலம். அந்தச் செலவு யாருக்காக என்பதும் தெரியும்.

பலம் போவதும் திரும்புவதும் எப்படி என்பது, அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. எண்பதைத் தொட்டவள். அறுவை நன்றாகவே நடந்தது. ஆனால் படுக்கையில் இருந்த நாட்களில் அவளுடைய தொடை என் கண்முன்னே கரைந்தது. 2007இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிற்று. அம்மா ஆரோக்கியமாகப் படுக்கவும் இல்லை, பத்து நாளில் எழவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிசியோ, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி கொடுத்தார். “ஏண்டி, உக்காந்து எந்திரிக்கிறதுக்கு ஒரு வாத்தியாரா?” என்றாள். பிறகு கணுக்காலில் மணல் பை கட்டச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமி, “இந்த வயசுல எடை கட்டறாங்களே, பாவம்” என்று உச்சுக்கொட்டினாள். போஸ்டன் முதியோர் மருத்துவமனை ஒன்றில் 90 வயதை ஒட்டிய பத்து பேருக்கு எட்டு வாரம் கடுமையான எடைப் பயிற்சி கொடுத்த ஆய்வு 1990இல் வந்தது, மரியா ஃபியாட்டரோனின் குழு செய்தது. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதம் கூடியது. மாமியிடம் இதைச் சொல்லவில்லை. அம்மா சுவரைப் பிடிக்காமல் பூஜை அறைக்குப் போனதை அவளே பார்த்தாள்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. சும்மா இருக்கும் உடம்புக்கே, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். எடை தூக்கினால் அதன் இருமடங்கு வரை பயன்படும். ஒரு முட்டையில் ஆறு கிராம். சுண்டல், தயிர், பருப்பு, மீன். மூன்று வேளையும் சோற்றைச் சுற்றியே சாப்பிட்டுப் பழகிய வீட்டில் இதைக் கூட்டுவது ராடைத் தூக்குவதைவிடக் கஷ்டம்.

பழைய எண்களை என்ன செய்வது என்பதுதான் கடைசிவரை என்னை உறுத்தியது. கல்லூரி நோட்டு இன்னும் இருக்கிறது. எறிந்த தூரமெல்லாம் மேடத்தின் கையெழுத்தில். பளுதூக்கும் வீரர் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். பிறகு தொடையில் காயம். 2018 கோல்ட் கோஸ்டில் மறுபடி தங்கம், ஆனால் 317 கிலோ. 11 கிலோ குறைவு. பழைய சதீஷோடு போட்டியிட்டிருந்தால் அவருக்கு அன்று வெள்ளிதான். அந்தப் போட்டியை யாரும் நடத்தவில்லை. மேடையில் நின்றவர்களோடு மட்டும்தான் அவர் மோத வேண்டியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து பழைய நோட்டைப் புரட்டும் நம்மைப் போன்றவர்கள்தான் இல்லாத அந்தப் போட்டியைத் தினமும் நடத்தித் தினமும் தோற்கிறோம்.

போன மாதம் என்னோடு கல்லூரியில் ஈட்டி எறிந்தவள் போன் செய்தாள். மூத்தோர் தடகளப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகிறாளாம், “நீயும் வாடி” என்றாள். அப்போதுதான் விதிகளைப் படித்தேன். வட்டம் அதே 2.135 மீட்டர். முன்னாலிருக்கும் தடுப்புக் கட்டையைத் தாண்டிக் கால் வைத்தால் அதே ஃபவுல். குண்டு மட்டும் மாறுகிறது. 50 வயதிலிருந்து பெண்களுக்கு மூன்று கிலோ, 75இலிருந்து இரண்டு. முதலில் சுருக்கென்றிருந்தது, யாரோ பிள்ளைகளின் பந்தை எடுத்து நீட்டியது மாதிரி. பிறகு யோசித்தால், விதி எழுதியவர்கள் என் கேள்வியை என்னைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். வட்டத்தைப் பழகியவள் என்பதால் எனக்கென்று வட்டத்தை மாற்றவில்லை. வயது ஏறியவள் என்பதால் குண்டை மாற்றியிருக்கிறார்கள்.

பெயர் கொடுத்துவிட்டேன். மூன்று கிலோ குண்டும் வாங்கியாயிற்று. கல்லூரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலிருக்கும் தூரமெல்லாம் நான்கு கிலோவுக்கானவை. மூன்று கிலோவை நான் இதுவரை எறிந்ததே இல்லை.