செஞ்சோற்றுக் கடன்

மருந்துக் கம்பெனிக்கும் இதய டாக்டர்களுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைப் பேசினால், "எல்லாம் காசுதான்" என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. பேராசைக்காரரை எப்படியும் அடையாளம் கண்டுவிடலாம். நல்லவரை என்ன செய்வது?

2016இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. ஆராய்ந்த நான்கு மருந்துகளில் மூன்று, கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பவை. கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுத்தவற்றில் 95 விழுக்காடு வெறும் சாப்பாடு. சராசரி மதிப்பு 20 டாலருக்கும் குறைவு. ஒரே ஒரு வேளை சாப்பிட்டவர்கள்கூட, சாப்பிடாதவர்களைவிட அந்தக் கம்பெனி மருந்தை அதிகம் எழுதியிருந்தார்கள். சோறுதான் காரணம் என்று ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 20 டாலருக்கு யாரும் மனசாட்சியை விற்கமாட்டார்களே!

எனக்குக் கர்ணன்தான் ஞாபகம் வருகிறான். உண்ட சோற்றுக்காகத் தவறான பக்கம் நின்றவனை நாம் திட்டுவதில்லை, கொண்டாடுகிறோம். அவனுக்காவது எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்திருந்தது. "ஒரு சாப்பாட்டுக்கா நான் மாறுவேன்?" என்று கேட்கும் டாக்டர் பொய் சொல்லவில்லை; அவருக்கே தெரியாது. கம்பெனி பிடித்துக்கொள்வது அவருடைய கெட்ட குணத்தை அல்ல, நன்றி என்கிற நல்ல குணத்தை.

சரி, அது யார் வீட்டுச் சோறு? சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ், டாக்டர்களுக்குக் கொடுத்த தங்கக் காசு, டிவி, ஃப்ரிட்ஜ் போன்றவற்றின் செலவுக்கு வரிக்கழிவு கேட்டது. இதய மருந்துக்காக அல்ல, ஒரு சத்து மாத்திரைக்காக. 2022 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இலவசம் என்பது இலவசமே இல்லை, அந்தச் செலவு மருந்து விலையில்தான் ஏறுகிறது என்றது. அதாவது விருந்து வைத்தது நோயாளி. நன்றி மட்டும் கம்பெனிக்குப் போகிறது.

புது ஸ்டென்ட் வந்தால் கம்பெனிக்காரர்தானே சொல்லித்தர வேண்டும் என்பார்கள். சொல்லித்தரட்டும். அதற்கு எதற்கு விருந்து?

அமெரிக்காவில் யார் எவ்வளவு வாங்கினார் என்பதை 2014 முதல் இணையத்தில் வெளியிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் பாலிக் புலாவிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற தாத்தா அதையெல்லாம் தேடிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கணக்கை அவரிடம் காட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. சாப்பிடாமல் இருக்க வேண்டியது டாக்டர்தான்.

செஞ்சோற்றுக் கடனை நான் குறைத்துச் சொல்லவில்லை. தீர்க்கட்டும். சோறு போட்டவர் கட்டிலில் படுத்திருக்கிறார்.