கருவியின் எல்லையும் அறிவின் எல்லையும்

1080பி வீடியோவின் ஒவ்வொரு பிரேமிலும் ஏறத்தாழ 20 லட்சம் பிக்சல்கள். நொடிக்கு 30 பிரேம் என்றால் 6 கோடிக்கும் மேல். 2013இல் வந்த எச்.265 முறையில் சுருக்கிய கோப்பை விரிப்பதற்கான தனிச் சிப் பகுதி பழைய ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் இல்லை. சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும், போன் சூடாகும், ஒலி முன்னே ஓட, படம் திக்கித் திக்கி வரும். கோப்பில் குறையேதும் இல்லை.

அதுபோலவே, அறிபொருள் முழுமையாக இருந்தும் உயிரின் அறிவு ஏன் குறைபடுகிறது? சைவ சித்தாந்தம் இதை ஆழமாகவே ஆராய்கிறது. உயிரின் அறிவை ஆணவ மலம் என்னும் அழுக்கு மறைக்கிறது. கலை, வித்தை முதலிய தத்துவங்களாகிய கருவிகள் அம்மறைப்பைச் சிறிதளவே விலக்குகின்றன. எனவே உயிர் கருவிகளின் அளவுக்கே அறிகிறது. ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுவது பிழை. போனில் இல்லாத சிப் இனி முளைக்காது. உயிருக்கோ அறியும் ஆற்றல் இயல்பிலேயே உண்டு. மலத்தின் வலிமை கெட்டால் அது விளங்கும் என்பதே சித்தாந்தத்தின் முடிபு.