சட்டைக்குள் துப்பாக்கி, யாருக்கு நிம்மதி?

2021 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் துப்பாக்கி உரிமச் சட்டம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அப்போது நீதிபதி சாமுவேல் அலிட்டோ சில மனிதர்களை நினைவுபடுத்தினார். மன்ஹாட்டனில் அலுவலகங்களைப் பெருக்கித் துடைப்பவர், அடுக்குமாடி வாயிலில் நிற்கும் காவலாளி, மருத்துவமனை நர்ஸ், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர். குற்றப் பின்னணி எதுவும் இல்லாதவர்கள். நள்ளிரவில் வேலை முடித்து, சுரங்க ரயிலிலோ பேருந்திலோ ஏறி, இறங்கிய இடத்திலிருந்து ஆபத்தான தெருக்கள் வழியே வீட்டுக்கு நடப்பவர்கள். பயமாக இருக்கிறது, கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று இவர்கள் கேட்டால் கிடைக்குமா என்றார். கிடைக்காது என்பதுதான் உண்மை. எல்லோருக்கும் இருக்கும் பயம் போதாது, தனக்கென்று ஓர் அச்சுறுத்தலைக் காட்ட வேண்டும் என்பது அங்கே நூறாண்டுப் பழைய நிபந்தனை. மாநிலத்துக்காக வாதாடிய பார்பரா அண்டர்வுட், சுரங்க ரயிலில் ஆயுதங்கள் பெருகும் என்ற நினைப்பே மிகப் பலரை நடுங்கவைக்கிறது என்று பதில் சொன்னார்.

இரண்டு பேர் சொன்னதும் பயத்தைப் பற்றித்தான். இரண்டும் பொய்ப் பயமும் அல்ல.

2022 ஜூன் 23 அன்று, 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அந்த நிபந்தனை ரத்தானது. மாநிலம் சும்மா இருக்கவில்லை. பத்து நாளுக்குள் புதுச் சட்டம் கொண்டுவந்து, உரிமம் பெற்றவர்கூடத் துப்பாக்கியோடு நுழையக் கூடாத இடங்களைப் பட்டியலிட்டது. சுரங்க ரயிலும் பேருந்தும் அதில் அடக்கம். ஆக, அலிட்டோ சொன்ன பாத்திரம் கழுவுபவர் இப்போது உரிமம் வாங்கலாம். அந்தத் துப்பாக்கியோடு ரயில் நிலையப் படியில் கால் வைக்க முடியாது.

இந்தத் தடைக்கு எதிரான வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. கார் வைத்திருப்பவர் துப்பாக்கியை வண்டியிலேயே கொண்டுபோய், இறங்கிய இடத்தில் இடுப்பில் செருகிக்கொள்ளலாம். ரயிலை நம்பிப் பிழைப்பவருக்கு வழியில் தடை என்றால், போய்ச் சேரும் இடத்திலும் தடைதான். பயணத்துக்கு மட்டும் என்று பெயர். ஆனால் அந்தத் தடை நாள் முழுக்கச் செல்லும். ஒரே உரிமை கார் இருப்பவருக்கு ஒரு மாதிரியும் இல்லாதவருக்கு வேறு மாதிரியும் ஆகிறது. பழைய சட்டமும் ஏழைக்கு நல்லதாக இருந்ததில்லை. அதை எதிர்த்து அந்த வழக்கில் மனுப் போட்டவர்களில் பிராங்ஸ், புரூக்ளின் பகுதிகளின் இலவச சட்ட உதவி வழக்கறிஞர்களும் இருந்தார்கள். உரிமமில்லாத் துப்பாக்கி என்று சிறைக்குப் போவது பெரும்பாலும் தங்கள் கட்சிக்காரர்களான கறுப்பின, லத்தீன் மக்கள்தான் என்பது அவர்கள் குறை. துப்பாக்கி உரிமைக்காகப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் பயந்தவர் கையில் துப்பாக்கி இருந்தால் ரயில் பெட்டியில் என்ன நடக்கும் என்பதை நியூயார்க் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1984 டிசம்பர் 22 அன்று, 2-ஆம் எண் எக்ஸ்பிரஸ் ரயிலில் பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்பவரிடம் கறுப்பின இளைஞர்கள் சிலர் ஐந்து டாலர் கேட்டார்கள். கேட்டது யாசகமா, வழிப்பறியா என்பதில் இன்றுவரை ஊருக்குள் ஒரே கருத்து இல்லை. அவர் ஐந்து முறை சுட்டார். நான்கு பேர் காயப்பட்டார்கள். ஒருவர் முதுகுத்தண்டு அறுபட்டு, பிறகு எழுந்து நடக்கவே இல்லை. கெட்ஸ் 1981-இல் அடித்து வழிப்பறி செய்யப்பட்டவர். உரிமம் கேட்டு மறுக்கப்பட்டவர். அலிட்டோ சொல்லும் ஆளுக்கும் அவருக்கும் அதிக தூரமில்லை. 1987-இல் ஜூரி அவரைக் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, உரிமமில்லாத் துப்பாக்கிக்காக மட்டும் தண்டித்தது. 1996-இல் இன்னொரு ஜூரி, நடக்க முடியாமல் போனவருக்கு 4 கோடியே 30 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

கெட்ஸின் குற்ற வழக்கில் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1986-இல் ஓர் அளவுகோலை வகுத்தது. சுட்டவர் மனதார பயந்தாரா என்பது மட்டும் போதாது. அதே நிலையில் நிதானமுள்ள ஒருவரும் அப்படிப் பயந்திருப்பாரா என்று பார்க்க வேண்டும். அறம் பேசுகிறவர்களுக்கும் இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். அந்தப் பழமொழியில் அரண்டவன் ஓட மட்டுமே செய்கிறான். அவன் கையில் ஆயுதம் இல்லை. அமெரிக்க ரயிலில் யார் பேயாகத் தெரிவார் என்பதைத் தோலின் நிறம் எவ்வளவு தீர்மானிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இடத்தையும் யோசிக்க வேண்டும். புரூக்ளினில் ஓடும் N தட ரயிலின் பெட்டிகளில் பல 60 அடி நீளம், சுமார் 10 அடி அகலம் கொண்டவை. கூட்ட நேரத்தில் தோளோடு தோள் உரச நிற்பார்கள். அதில் குறி தவறிய தோட்டா சுவரில் போய்ப் புதையும் என்று யாரும் நம்ப முடியாது. நியூயார்க் போலீஸாரின் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், எதிராளியும் சுடும் மோதல்களில் அவர்களின் தோட்டாக்களில் 18 சதவீதம்தான் இலக்கைத் தொட்டதாக 2008-இல் சொன்னது. பயிற்சி பெற்றவர்களின் கணக்கு இது. 2024 செப்டம்பர் 15 அன்று சட்டர் அவென்யூ நிலையத்தில், டிக்கெட் எடுக்காமல் நுழைந்த ஒருவரைப் பின்தொடர்ந்த போலீஸார், அவர் கையில் கத்தியைப் பார்த்துச் சுட்டார்கள். கத்தி வைத்திருந்தவரோடு ஒரு போலீஸ்காரருக்கும், வழியில் இருந்த இரண்டு பயணிகளுக்கும் குண்டு பாய்ந்தது. அந்த இருவரில் ஒருவருக்குத் தலையில். உரிமம் பெறும் சாதாரணக் குடிமகனுக்கு நியூயார்க் சட்டம் கேட்பது 16 மணி நேர வகுப்பும், 2 மணி நேரம் சுட்டுப் பழகுவதும்தான். (இரண்டு வேலை பார்க்கும் துப்புரவுத் தொழிலாளி அந்த 18 மணி நேரத்துக்கு எங்கே போவார் என்பது வேறு கேள்வி.)

எதிர்க்கேள்வி ஒன்று நிச்சயம் வரும். 1993 டிசம்பர் 7 அன்று லாங் ஐலண்ட் ரயிலில் ஒருவன் சுட்டு ஆறு பேர் செத்தார்கள், 19 பேர் காயப்பட்டார்கள். அவன் தோட்டா மாற்ற நிறுத்திய நேரத்தில் பாய்ந்து அமுக்கிய பயணிகளிடம் ஆயுதம் இல்லை. யாரிடமாவது இருந்திருந்தால் உயிர்கள் மிஞ்சியிருக்காதா? மிஞ்சியிருக்கலாம். அதை மறுப்பது நேர்மையல்ல. ஆனால் அப்படிப்பட்ட நாள் எப்போதோ வருகிறது. இடித்தான், முறைத்தான் என்ற சண்டை தினமும் வருகிறது. 2024 மார்ச் 14 அன்று ஏ ரயிலில் வாய்த்தகராறு கைகலப்பாகி, ஒருவர் துப்பாக்கியை எடுத்தார். எதிராளி அதைப் பிடுங்கி அவரையே சுட்டார். தற்காப்பு என்று கருதி, சுட்டவர்மேல் அரசு வழக்கறிஞர் வழக்குப் போடவில்லை. கொண்டுவந்தவருக்கே காவலாக நிற்கும் என்ற உறுதி துப்பாக்கிக்குக் கிடையாது.

நிம்மதி என்ற பேச்சுக்கு வருவோம். சட்டைக்குள் மறைத்த துப்பாக்கி, அது இருப்பது தெரிந்தவருக்கு மட்டுமே தைரியம் தரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. தெரிந்தால் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவார். யாரிடம் இருக்கிறதோ என்ற ஐயமே திருடனைத் தடுக்கும் என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். அதே ஐயம் திருடனல்லாத நூறு பேரையும் தின்னும். ஒருவர் தன் நிம்மதிக்காக ஏற்கும் ஆபத்து அவரோடு நின்றுவிட்டால் அது அவர் பாடு. இங்கே அதை அந்தப் பெட்டியில் இருக்கும் அத்தனை பேரும், கேட்கப்படாமலே, சுமக்கிறார்கள். நர்ஸின் பயம் உண்மை. அவர் எதிரில் தூங்கி வழியும் இன்னொரு நர்ஸின் உயிரும் உண்மை. ஆகவே ரயிலில் துப்பாக்கிக்குத் தடை நியாயமானதே.

அதோடு விட்டால் பாதி நியாயம்தான். 2011 பிப்ரவரியில் நியூயார்க் ரயில் ஒன்றில், பல கொலைகளுக்காகத் தேடப்பட்டவன் ஒரு பயணியின் தலையிலும் முகத்திலும் கத்தியால் வெட்டினான். அவனைத் தேடி வந்த இரண்டு போலீஸார் ஓட்டுநர் அறைக்குள் இருந்தார்கள். வெட்டுப்பட்டவர் வெறுங்கையால் அவனைக் கீழே தள்ளிய பிறகுதான் போலீஸார் வந்து பிடித்தார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். 2013-இல் வழக்கு தள்ளுபடியானது. தனிப்பட்ட ஒரு பயணியைக் காக்கும் சட்டக் கடமை நகரத்துக்கு இல்லை என்பது காரணம்.

உன் ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வா, உள்ளே உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை என்று ஓர் அரசு ஒரே மூச்சில் சொல்ல முடியாது. தடை விதிக்கிறவன் காவலையும் ஏற்க வேண்டும். 2025 ஜனவரியில் ஆளுநர் கேத்தி ஹோக்குல், இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை ஓடும் ஒவ்வொரு ரயிலிலும் போலீஸாரை நிறுத்தப்போவதாக அறிவித்தார். ஆறு மாதத்துக்கு என்று. நள்ளிரவில் பாத்திரம் கழுவி முடிப்பவர் ஏழாவது மாதமும் அதே ரயிலில்தான் ஏறுகிறார். இரவுக் காவல் அரசு இரக்கப்பட்டுத் தரும் திட்டமாக இருக்கும்வரை அது எப்போது வேண்டுமானாலும் நிற்கும். பயணி நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடிய கடமையாக அதைச் சட்டத்தில் எழுதட்டும். தடையைச் சட்டமாக்கப் பத்து நாள்கூட எடுத்துக்கொள்ளாத சட்டமன்றத்துக்கு இதுவும் முடியாத காரியமல்ல.