பாட்டனாரின் கையொப்பம்

ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் நினைவு மலர் வெளியிடுவது ஈழத்துத் தமிழரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். யாழ்ப்பாணத்தார் இதனைக் 'கல்வெட்டு' என்றும் கூறுவர். தேவாரம் சில, பிரிவுத்துயர் கூறும் பாக்கள் சில, வம்சவரலாறு, பேரப்பிள்ளைகளின் கண்ணீருரை ஆகியன அதில் இடம்பெறும். இறந்தவர் அரசாங்க உத்தியோகத்தராக இருந்துவிட்டால் இன்னுமொரு வாக்கியமும் தவறாது இடம்பெறும். அரச சேவையில் நேர்மையுடனும் கடமையுணர்ச்சியுடனும் பணியாற்றி இளைப்பாறினார் என்பதே அது. இவ்வாக்கியத்தைச் சிறிது நின்று ஆராய விரும்புகிறோம்.

தேற்றாத்தீவை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனைக்குச் செல்லும் சாலையில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த எழுவான்கரை ஊர் அது. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றா மரத்தின் பெயரைத் தாங்கி நிற்பது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல்கள் கிடக்கின்றன. போடியாருக்கு நிலமிருந்தது, முல்லைக்காரனுக்கும் வயற்காரனுக்கும் உடலுழைப்பு இருந்தது. 1957 டிசம்பரில் வந்ததைப் போன்ற பெருவெள்ளம் ஒன்று வந்தால் அவ்வாண்டின் உழைப்பனைத்தும் நீரோடு போய்விடும். இத்தகைய ஊர்களிலே ஆங்கிலம் கற்ற ஒரு பையன் லிகிதராகவோ ஆசிரியராகவோ நியமனம் பெற்றால், மழை பெய்தாலும் பொய்த்தாலும் மாதக் கடைசியில் வருகின்ற பணம் அக்குடும்பத்துக்கு முதன்முதலாகக் கிட்டியது. அவர் இளைப்பாறித் திரும்பியபின், அவர் வீட்டுத் திண்ணையில் ஊரார் மனு எழுதுவிக்க வந்து அமர்ந்தனர். அத்தகையவரைப் பேரப்பிள்ளைகள் நேசிப்பதில் வியப்பென்ன? நாமும் நேசிக்கிறோம். கேள்வி அதுவன்று. நேர்மையாகப் பணியாற்றினார் என்கிறோமே, அந்த நேர்மை யாருக்குச் செலுத்தப்பட்டது என்பதே கேள்வி.

அரசாங்கம் என்பது வானத்திலிருந்து இறங்கிய தர்மதேவதையன்று. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமையை நிரூபிக்க இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குச் சொந்தமென்று அனுமானித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப்பயிர் செய்தவன் மறுநாட் காலையில் தன் காட்டுக்குள்ளேயே அத்துமீறியவனானான். இச்சட்டத்தை ஊருக்குக் கொண்டுசென்றவர்கள் கொள்ளைக்காரர்களல்லர். பெரும்பாலும் கையூட்டு வாங்காத, கணக்குப் பிசகாத உத்தியோகத்தர்களே.

லெனார்ட் வூல்ஃப் 1904 இல் இலங்கைச் சிவில் சேவைக்கு வந்தவர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். உழைப்பில் அவரை மிஞ்சியவர் அரிது. கால்நடைகளிடையே கொள்ளைநோய் பரவியபோது, நோயுற்றுக் கட்டின்றித் திரிந்த மாடுகளைச் சுடுவித்தார், தாமே சுட்டதுமுண்டு. நோய்த்தடுப்பு விதியின்படி அது சரி. ஆனால் மாட்டை இழந்த கிராமத்தான் அதை எப்படிக் கண்டிருப்பான்? 1912 இல் வூல்ஃப் பதவியைத் துறந்தார்; மறு ஆண்டில் அக்காட்டுக் கிராமத்தின் அழிவையே நாவலாக எழுதி வெளியிட்டார். அம்மனிதரின் மனச்சாட்சியை நாம் மதிக்கிறோம். எனினும் பதவியை விட்டெறிந்தபோது கேம்பிரிட்ஜ் நண்பர்களும் இலண்டன் நகரும் அவருக்குக் காத்திருந்தன என்பதையும் மறப்பதற்கில்லை. தேற்றாத்தீவின் லிகிதருக்கு அப்படியொரு வாசல் எங்கே திறந்திருந்தது? துறவுக்கும் ஒரு வர்க்கம் உண்டு.

பொன்னம்பலம் அருணாசலம் 1875 இல் திறந்த போட்டியில் தேறிச் சிவில் சேவை புகுந்த முதல் இலங்கையர். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் அவரே. முப்பத்தெட்டு ஆண்டுகள் சேவையிலிருந்து 1913 இல் இளைப்பாறினார். அரசியல் உரிமை கேட்ட அவரது புகழ்பெற்ற பேருரை 1917 இல் நிகழ்ந்தது; தொழிலாளர் நலனுக்கான சங்கத்தை 1919 இல் அமைத்தார். ஒப்பந்தத்தை மீறிய தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கனுப்பிய சட்டப்பிரிவு 1921 இல் நீக்கப்பட்டதற்குக் குரல் கொடுத்தவருள் அவரும் ஒருவர். இத்தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும்: அந்த நாவுக்குப் பொதுமேடை கிட்டியது உபகாரச் சம்பளம் உறுதியான பின்னர்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அத்துணை உயரத்தில் இருந்தவருக்கே அதுதான் நிலையென்றால், கீழே மேசையருகில் நின்றவனுக்கு மௌனத்தைத் தவிர என்ன இருந்தது என்றே கேட்கிறோம்.

பின்னர் 1956 வந்தது. தனிச் சிங்களச் சட்டம் தமிழ் உத்தியோகத்தர் ஒவ்வொருவரின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. நாற்பது ஐம்பது வயதில், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தம் பிள்ளைகள் உறங்கியபின் சிங்கள அரிச்சுவடியை எழுதிப் பழகியவர்கள் உண்டு. மாட்டேன் என்று சேவையைவிட்டு வெளியேறியவர்களும் உண்டு. வெளியேறியவரை வீரரென்றும், படித்தவரைக் கோழையென்றும் எழுதிவிடுவது எளிது. ஆனால் இருவரையும் அவ்விடத்தில் கொண்டுவந்து நிறுத்திய அதிகாரத்தைப் பற்றி அத்தீர்ப்பு ஒன்றும் சொல்லாது.

1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக்கும் பரவியது. இங்கே கச்சேரி ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்தது. அந்நியன் கட்டிய மதிலுக்குள் நம்மவர் கோவைகளைப் புரட்டிக்கொண்டிருந்தனர் என்பது வரலாற்றின் குறும்பு. வாயிலை மறித்துக் கிடந்தவரும் தமிழர். உள்ளே போகவேண்டிய லிகிதரும் தமிழர். ஒரே ஊரினராகவும் இருந்திருக்கலாம். ஏப்ரல் 17 இல் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. படையினர் சத்தியாக்கிரகிகளை அகற்றினர். பிறகு கச்சேரி திறந்தது. நம் பாட்டனார் அந்நாள் என்ன செய்தார்? விடுமுறை எழுதிக் கொடுத்தாரா? தலைகுனிந்து உள்ளே நடந்தாரா? வழக்கமான மை, வழக்கமான கையொப்பம், அவ்வளவுதானா? எந்த நினைவு மலரும் இதைக் கூறுவதில்லை.

இறந்தவரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதா என்று நண்பர்கள் வினவலாம். நாம் சொல்வது நேர்மாறானது. நேர்மையுடன் பணியாற்றினார் என்னும் அந்த அச்சுவார்ப்பு வாக்கியம் அவர் தவறுகளை மட்டுமன்றி, அவர் செய்த மிகச்சிறந்த காரியங்களையும் மறைத்துவிடுகிறது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி புரட்டிப்போட்டது. கூரையோடு காணி உறுதியும், பிறப்புப் பத்திரமும், கூப்பன் புத்தகமும் காற்றிலும் நீரிலும் போயின. நிவாரணப் பட்டியலோ பத்திரத்தைக் கேட்கும். பத்திரமில்லாத ஒரு கைம்பெண் மேசைக்கு முன்னே வந்து நிற்கும்போது, விதியைக் காத்தவர் அவளைத் திருப்பி அனுப்பியிருப்பார். அவள் பெயரை எழுதியவர் விதியை மீறியவர். கணக்காய்வாளர் கேட்டால் பதில் சொல்ல முடியாதவர். இவ்விருவரில் யாருக்கு நேர்மையாளர் என்ற பட்டத்தைச் சூட்டுவது? சேவைக் குறிப்பேட்டில் நற்சான்று பெற்றவர் முன்னவர். நாம் பாட்டனாராகப் பெற விரும்புவதோ பின்னவரை. அவர் அவ்விதம் ஒரு பெயரையேனும் எழுதியிருந்தால், அதைக் கூறாத மலர் அவருக்கு அநீதி செய்கிறது.

மட்டக்களப்பின் குடிமுறையில் இதற்கொரு குறிப்பும் இருக்கிறது. இங்கே குடி தாய்வழியில் வருவது. ஒரே குடிக்குள் மணமில்லை. ஆகவே தாயைப் பெற்ற பாட்டனாரின் குடி பேரனின் குடியன்று. வீடும் பெண்வழிச் சொத்து. அவர் வாழ்ந்ததும் பாட்டியின் வீட்டிலேதான். குடியும் வீடும் அவரிடமிருந்து நமக்கு வரவில்லை. அவர் நடந்துகொண்ட விதம் ஒன்றே வரக்கூடியது. அதையும் விசாரியாமல் விட்டால் எஞ்சுவது சட்டமிட்ட புகைப்படம் மாத்திரமே. (அந்த இடமாற்றங்களையெல்லாம் அடுக்களையோடு சுமந்து திரிந்த பாட்டியைப் பற்றி மலர்களில் இரண்டு வரிக்குமேல் வருவதில்லை என்பது தனியே எழுதவேண்டிய விடயம்.)

ஆசிரிய நண்பர்களும் மாணவரும் இதில் செய்யக்கூடியது உண்டு. உத்தியோகத்தரின் வரலாற்றை அவர் மேசைக்குப் பின்னாலிருந்து மட்டும் எழுதாதீர்கள். முன்னால் நின்றவர்களையும் கேளுங்கள். காணி உத்தரவுப் பத்திரத்துக்காகக் காத்திருந்த வயற்காரனை, பட்டியலில் பெயர் விடுபட்டவளை, வாயிலில் மறித்துக் கிடந்தவரைக் கேளுங்கள். அந்த லிகிதர் எப்படிப்பட்டவர், எழுந்து நின்று பேசினாரா, இருக்கச் சொன்னாரா, மறுநாள் வா என்றாரா என்று விசாரியுங்கள். 1961 இல் இருபத்தைந்து வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூறை எட்டிவிட்டனர். படுவான்கரையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.